ஏ.எஸ்.சி. தொகுப்பில் விடை தேடும் முறை: அமெரிக்கக் கணக்கியல் தரநிலைகளை ஆராய்வோருக்கான வழிகாட்டி

அமெரிக்காவில் அரசு அமைப்புகள் அல்லாத எல்லா நிறுவனங்களுக்கும் உரிய கணக்கியல் விதிகள் இன்று ஒரே தொகுப்பில் இருக்கின்றன. நிதிக் கணக்கியல் தரநிலைகள் வாரியமான எஃப்.ஏ.எஸ்.பி. 2009 ஜூலை 1 அன்று வெளியிட்ட அந்தத் தொகுப்பின் பெயர் ‘அக்கவுண்டிங் ஸ்டாண்டர்ட்ஸ் கோடிஃபிகேஷன்’. வேலையிடங்களில் அதை ஏ.எஸ்.சி. என்று சுருக்கிச் சொல்வார்கள். சென்னையிலோ கோவையிலோ அமர்ந்து அமெரிக்க நிறுவனங்களின் கணக்குகளை முடிப்பவர்களும், அவற்றின் தணிக்கைக் கோப்புகளைத் தயாரிப்பவர்களும் இதை அடிக்கடி திறக்க வேண்டியிருக்கிறது. இந்தியத் தரநிலைகளில் பயின்று வந்தவருக்கு இது முதலில் திகைப்பைத் தரும். இண்ட் ஏ.எஸ். 116-ஐ எடுத்துக்கொண்டால், குத்தகையைப் பற்றிய நோக்கம், வரம்பு, அளவீடு, வெளிப்படுத்தல் எல்லாம் ஒரே ஆவணத்தில் வரிசையாக எண்ணிடப்பட்டிருக்கும். முதலிலிருந்து கடைசிவரை படித்துவிடலாம். ஏ.எஸ்.சி.யை அப்படிப் படிக்க முடியாது. படிக்க வேண்டிய தேவையும் இல்லை. எந்தக் கேள்விக்கு எங்கே போக வேண்டும் என்று தெரிந்தால் போதும்.

தேடல் பெட்டியில் ஒரு சொல்லை இட்டு, முதலில் வரும் பத்தியைப் படித்து, அதையே விடையாக எழுதிவிடும் பழக்கத்திலிருந்தே இந்தத் துறையின் பெரும்பாலான ஆராய்ச்சிப் பிழைகள் பிறக்கின்றன என்பது என் உறுதியான கருத்து. பத்தி சரியானதாகவே இருக்கும். ஆனால் அது வேறொரு வகைப் பரிவர்த்தனைக்கு எழுதப்பட்டதாகவோ, இன்னும் நடைமுறைக்கு வராததாகவோ இருக்கும். ஆகவே இங்கே சொல்லப்படும் முறை, சொல்லைத் தேடுவதைக் கடைசிக்குத் தள்ளி, வரம்பைத் தேடுவதை முதலில் வைக்கிறது.

தொகுப்பில் எது உண்டு, எது இல்லை

2009-க்கு முன்பு அமெரிக்கக் கணக்கியல் விதிகள் பல வகை ஆவணங்களில் சிதறிக் கிடந்தன. வாரியத்தின் அறிக்கைகள், அவற்றுக்கான விளக்கங்கள், முந்தைய ஏ.பி.பி. வாரியத்தின் கருத்துரைகள், அமெரிக்கக் கணக்காளர் சங்கமான ஏ.ஐ.சி.பி.ஏ. வெளியிட்ட நிலைப்பாட்டு அறிக்கைகள், புதிதாக எழும் சிக்கல்களை ஆராயும் இ.ஐ.டி.எஃப். குழுவின் தீர்வுகள் என்று ஒவ்வொன்றுக்கும் வெவ்வேறு அதிகாரப் படிநிலை இருந்தது. வாரியத்தின் 168-ஆவது அறிக்கையே அந்த வரிசையில் கடைசியானது. அது இந்தப் படிநிலைகளை நீக்கி, தொகுப்பில் உள்ளது அதிகாரமுடையது, இல்லாதது அதிகாரமற்றது என்று இரண்டே நிலைகளை வைத்தது. ஆயிரக்கணக்கான அறிவிப்புகள் உடைக்கப்பட்டு டாபிக் எனப்படும் ஏறத்தாழ 90 தலைப்புகளுக்குள் பொருள் வாரியாக அடுக்கப்பட்டன. விதிகளை மாற்றுவது அந்தப் பணியின் நோக்கமாக இருக்கவில்லை. இருந்த விதிகளைப் புதிய ஒழுங்கில் வைப்பதே நோக்கம். பழைய ஆவணங்களின் நடை இன்றும் சில பத்திகளில் தெரிவதற்கும், ஒரே டாபிக்குக்குள் சொல்லாட்சி சில இடங்களில் மாறுவதற்கும் இதுவே காரணம்.

மாநில, உள்ளாட்சி அரசுகளின் கணக்குகளுக்கு ஜி.ஏ.எஸ்.பி. என்னும் தனி வாரியமும், கூட்டரசின் கணக்குகளுக்கு எஃப்.ஏ.எஸ்.ஏ.பி. என்னும் அமைப்பும் விதி வகுக்கின்றன. அவை இந்தத் தொகுப்பில் இல்லை. பங்குச் சந்தை ஆணையமான எஸ்.இ.சி.யின் விதிகளில் ஒரு பகுதி மட்டும், படிப்பவரின் வசதிக்காகச் சேர்க்கப்பட்டிருக்கிறது. தொகுப்பைப் படிக்கக் கட்டணம் இல்லை. முன்பு தேடல், இணைத்துப் படித்தல் போன்ற வசதிகள் கட்டணச் சந்தாதாரர்களுக்கே கிடைத்தன. 2023 பிப்ரவரி முதல் அவ்வசதிகளும் வாரியத்தின் இணையதளத்தில் எல்லோருக்கும் திறந்துவிடப்பட்டுள்ளன.

எண்களைப் படிக்கக் கற்றுக்கொள்ளுதல்

ஏ.எஸ்.சி.யில் ஒவ்வொரு பத்திக்கும் நான்கு பகுதி கொண்ட ஓர் எண் உண்டு. அஞ்சல் குறியீட்டெண்ணைப் பார்த்தே ஒரு கடிதம் எந்த மாவட்டத்துக்கு உரியது என்று அஞ்சலக ஊழியர் சொல்லிவிடுவதைப் போல, இந்த எண்ணைப் பார்த்த உடனே பத்தி எதைப் பற்றியது என்று பாதிக்கு மேல் சொல்லிவிட முடியும். 350-40-25-2 என்னும் எண்ணை எடுத்துக்கொள்வோம். 350 என்பது டாபிக்: நற்பெயரும் பிற புலனாகாச் சொத்துகளும். 40 என்பது சப்டாபிக்: நிறுவனம் தன் சொந்தப் பயன்பாட்டுக்குக் கொள்ளும் மென்பொருள். 25 என்பது செக்‌ஷன்: கணக்கில் ஏற்றல். 2 என்பது பத்தி.

டாபிக் எண்ணின் முதல் இலக்கமே துறையைச் சொல்லிவிடும். 1-இல் தொடங்குவது பொதுக் கொள்கை; அதில் 105 ஒன்றுதான் உண்டு. 2-இல் தொடங்குபவை நிதி அறிக்கைகளை வழங்கும் முறை பற்றியவை: 230 பணப்பாய்வு, 250 கணக்கியல் மாற்றங்களும் பிழைத் திருத்தமும், 260 பங்கொன்றுக்கான வருவாய். 3 சொத்துகளுக்கும், 4 பொறுப்புகளுக்கும், 5 பங்கு மூலதனத்துக்கும், 6 வருவாய்க்கும், 7 செலவுகளுக்கும் உரியவை. 8-இல் தொடங்குபவை பல கணக்குத் தலைப்புகளை ஒருசேரத் தொடும் பரிவர்த்தனைகள்: 805 நிறுவன இணைப்பு, 815 டெரிவேட்டிவ், 820 நியாய மதிப்பு, 842 குத்தகை. 9-இல் தொடங்குபவை தனித்தொழில்களுக்கானவை: 926 திரைப்படம், 932 எண்ணெயும் எரிவாயுவும், 944 காப்பீடு, 958 இலாப நோக்கற்ற அமைப்புகள்.

செக்‌ஷன் எண்களை மனப்பாடம் செய்துவிடுவது நல்லது. டாபிக் எண்கள் வேலை செய்யச் செய்யத் தாமாகவே மனத்தில் பதியும். செக்‌ஷன் எண்களோ தொகுப்பு முழுவதிலும் ஒன்றே என்பதால், ஒருமுறை கற்றால் எல்லா டாபிக்குக்கும் உதவும். 05 அறிமுகமும் பின்னணியும், 10 நோக்கம், 15 வரம்பும் விலக்குகளும், 20 சொற்பொருள், 25 கணக்கில் ஏற்றல், 30 தொடக்க அளவீடு, 35 தொடர் அளவீடு, 40 கணக்கிலிருந்து நீக்கல், 45 அறிக்கையில் காட்டும் முறை, 50 வெளிப்படுத்தல், 55 செயல்முறை விளக்கமும் உதாரணங்களும், 60 பிற டாபிக்குகளுடனான தொடர்பு, 65 மாறுகால விதிகள், அதாவது பழைய விதியிலிருந்து புதியதற்கு மாறும் முறை. சரக்கிருப்பின் மதிப்பு குறைந்தால் என்ன செய்வது என்று கேட்டால், அது தொடர் அளவீடு, ஆகவே 330-10-35 என்று தேடல் பெட்டியைத் தொடாமலேயே போய்விடலாம். வழக்கில் நட்டம் வரக்கூடும் என்றால் எப்போது பொறுப்பாக எழுத வேண்டும் என்ற கேள்வி 450-20-25-க்கு உரியது; அதை எழுதாமல் குறிப்பில் மட்டும் எப்போது சொல்ல வேண்டும் என்பது 450-20-50-க்கு உரியது.

சப்டாபிக்குகளில் 10 எப்போதும் பொதுப் பகுதி. மற்ற எண்கள் டாபிக்குக்கு டாபிக் மாறும்: 842-இல் 20 குத்தகைக்கு எடுப்பவருக்கும், 30 குத்தகைக்கு விடுபவருக்கும், 40 விற்றுவிட்டுத் திரும்பக் குத்தகைக்கு எடுக்கும் ஏற்பாட்டுக்கும் உரியவை. தொழில்சார் டாபிக்குகளில் ஓர் அழகிய ஒழுங்கு உண்டு. அங்கே சப்டாபிக் எண்ணாகப் பொது டாபிக்கின் எண்ணையே வைத்திருக்கிறார்கள். 958-605 என்றால் இலாப நோக்கற்ற அமைப்புகளின் வருவாய். 932-360 என்றால் எண்ணெய் நிறுவனங்களின் நிலம், ஆலை, இயந்திரங்கள். ஒரு தொண்டு நிறுவனத்தின் நன்கொடையைப் பற்றி ஆராய்பவர் வருவாய்க்கான பொது டாபிக்கான 606-இல் மட்டும் தேடிக்கொண்டிருந்தால், தமக்கு உரிய விதியைக் காணாமலேயே போய்விடுவார்.

பத்தி எண்ணில் சில இடங்களில் எழுத்தும் ஒட்டிக்கொண்டிருக்கும்: 350-40-15-4ஏ, 330-10-35-1பி. ஏற்கெனவே கொடுத்த எண்களைக் கலைக்காமல் புதிய பத்திகளை இடையில் செருகுவதற்காகச் செய்த ஏற்பாடு இது. ஆகவே எழுத்தோடு கூடிய எண்ணைக் கண்டால், அது 2009-க்குப் பிறகு வந்த திருத்தமாக இருக்க வாய்ப்பு மிகுதி என்று கொள்ளலாம். எந்தத் திருத்தம், எந்த நாளில் என்பதை அந்த சப்டாபிக்கின் 00 செக்‌ஷனில் உள்ள நிலைப்பட்டியல் பத்தி வாரியாகச் சொல்லும்.

தளத்தைத் திறக்கும் முன்

ஒப்பந்தத்தைப் படிக்காமல் விதியைப் படிக்கத் தொடங்கக் கூடாது. யார் யாரோடு ஒப்பந்தம் செய்தார்கள், என்ன கைமாறுகிறது, எப்போது, எவ்வளவு தொகைக்கு, யாரால் ரத்து செய்ய முடியும் என்பவற்றைத் தாளில் எழுதிக்கொள்ளுங்கள். நிறுவனம் பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்டதா, தனியார் நிறுவனமா, எந்த மாதத்தில் நிதியாண்டு முடிகிறது என்பவற்றையும் எழுதுங்கள்; இவை பின்னால் மிகவும் தேவைப்படும். பிறகு கேள்வியை ஒரே வாக்கியமாக எழுதுங்கள். ‘கிளவுட் மென்பொருள் பற்றி’ என்பது கேள்வி ஆகாது. ‘கிளவுட் மென்பொருளை நிறுவுவதற்கு ஆலோசகருக்குக் கொடுத்த தொகையைச் சொத்தாக எழுதலாமா’ என்பது கேள்வி. அதைச் சரியாக எழுதிவிட்டால், ‘எழுதலாமா’ என்ற சொல்லே 25-ஆம் செக்‌ஷனைக் காட்டிவிடும்.

வரம்பு

டாபிக்கை ஊகித்தவுடன் முதலில் திறக்க வேண்டியது 15-ஆம் செக்‌ஷன். பொதுப் பகுதியான சப்டாபிக் 10-இன் வரம்பு அந்த டாபிக் முழுவதற்கும் பொருந்தும்; மற்ற சப்டாபிக்குகள் அதை விரிக்கலாம், குறுக்கலாம். ஆகவே இரண்டையும் படிக்க வேண்டும். வரம்புப் பத்திகளில் எந்த நிறுவனங்கள், எந்தப் பரிவர்த்தனைகள், எவை விலக்கு என்ற மூன்றும் தனித்தனியாகச் சொல்லப்பட்டிருக்கும். விலக்குப் பட்டியலையே நான் முதலில் படிக்கச் சொல்வேன். ஏனெனில் விலக்கப்பட்ட பொருள் எந்த டாபிக்குக்கு உரியது என்பதை அநேகமாக அங்கேயே சுட்டியிருப்பார்கள். தவறான கதவைத் தட்டியவருக்குச் சரியான கதவும் அங்கேயே தெரிந்துவிடும்.

சில செக்‌ஷன்களுக்குள் உட்பகுதிகளும் உண்டு என்பதை மறக்க வேண்டாம். ஒருங்கிணைந்த கணக்குகளுக்கான 810-10-இல் பொது உட்பகுதியும், வி.ஐ.இ. எனப்படும் மாறுபடு நலன் நிறுவனங்களுக்கான (வாக்குரிமையை மட்டும் வைத்துக் கட்டுப்பாட்டை முடிவு செய்ய முடியாத நிறுவனங்களுக்கான) உட்பகுதியும் ஒரே செக்‌ஷன் எண்ணின் கீழ் அடுத்தடுத்து இருக்கின்றன. பத்தி எண்ணை மட்டும் பார்த்துவிட்டு, அது எந்த உட்பகுதியில் இருக்கிறது என்று பார்க்காதவர், தமக்குப் பொருந்தாத சோதனையைப் பொருத்திவிடுவார்.

சொற்பொருள்

20-ஆம் செக்‌ஷனைத் தாண்டிச் செல்லும் ஆசை எல்லோருக்கும் வரும். தாண்டக் கூடாது. ஒரே சொல்லுக்கு வெவ்வேறு டாபிக்குகளில் வெவ்வேறு வரையறை இருக்கலாம். மொத்தச் சொற்பட்டியலில் அச்சொல் பலமுறை இடம்பெற்று, ஒவ்வொரு வரையறையும் எந்த சப்டாபிக்குகளுக்கு உரியது என்று காட்டப்பட்டிருக்கும். நியாய மதிப்புக்கு 820-இல் ஒரு வரையறை இருக்க, ஊழியர்களுக்குப் பங்கு வழங்குவதைப் பற்றிய 718-இல் வேறு வரையறை இருக்கிறது. அத்தகைய பரிவர்த்தனைகளை 820-10-15-2 தன் வரம்பிலிருந்தே விலக்குகிறது. பன்னாட்டுத் தரநிலைகளிலிருந்து வருபவர்கள் இன்னொன்றில் கவனமாக இருக்க வேண்டும். ‘புராபபிள்’ என்ற சொல் ஐ.ஏ.எஸ். 37-இலும் இண்ட் ஏ.எஸ். 37-இலும் நிகழாமல் போவதைவிட நிகழ்வதற்கு வாய்ப்பு அதிகம் என்ற அளவைக் குறிக்கிறது. 450-20-இல் அதே சொல்லின் வரையறை, எதிர்கால நிகழ்வு பெரும்பாலும் நிகழும் என்ற உயர்ந்த அளவைக் கேட்கிறது. ஆகவே ஐ.ஏ.எஸ். 37-இன் கீழ் பொறுப்பாக ஏறும் ஒரு வழக்கு, அமெரிக்கக் கணக்கில் குறிப்பாக மட்டும் நிற்கக்கூடும்.

ஓர் உதாரணம்: கிளவுட் மென்பொருளை நிறுவும் செலவு

முறையை முழுமையாகக் காட்ட ஒரு கற்பனை நிறுவனத்தை எடுத்துக்கொள்கிறேன். ஓஹாயோவில் உதிரிபாகம் செய்யும் தனியார் நிறுவனம் ஒன்று, கிளவுடில் இயங்கும் இ.ஆர்.பி. எனப்படும் நிறுவன வள மேலாண்மை மென்பொருளுக்கு மூன்றாண்டு ஒப்பந்தம் செய்கிறது; ரத்து செய்ய இயலாது; மேலும் இரண்டாண்டு நீட்டித்துக்கொள்ளும் உரிமை நிறுவனத்துக்கு உண்டு. மென்பொருள் வழங்குநரின் சர்வரிலேயே ஓடும்; நிறுவனத்துக்கு அதன் பிரதி கிடைக்காது. நிறுவித் தரும் ஆலோசகருக்கு 5,00,000 டாலர்: அமைவாக்கமும் நிரல் எழுதலும் 3,00,000, பழைய தரவைச் சீர்செய்து மாற்றுதல் 80,000, ஊழியர் பயிற்சி 60,000, கொள்முதல் நடைமுறையை மாற்றி அமைத்தல் 60,000.

மென்பொருள் என்றதும் இரண்டு இடங்கள் நினைவுக்கு வர வேண்டும்: விற்பதற்கான மென்பொருளுக்கு 985-20, சொந்தப் பயன்பாட்டுக்கு 350-40. இங்கே இரண்டாவதே பொருத்தம். அதன் 15-ஆம் செக்‌ஷனுக்குப் போனால், 15-4ஏ பத்தி இரண்டு நிபந்தனைகளை வைக்கிறது. ஒப்பந்தக் காலத்தில் எந்த நேரத்திலும், பெரிய அபராதம் இல்லாமல் மென்பொருளைக் கைப்பற்றிக்கொள்ள வாடிக்கையாளருக்கு ஒப்பந்த உரிமை இருக்க வேண்டும். அவர் அதைத் தம் கணினியிலோ, வழங்குநருக்குத் தொடர்பில்லாத வேறொருவர் கணினியிலோ ஓட்டுவது நடைமுறையில் இயல வேண்டும். இரண்டும் நிறைவேறினால்தான் அது மென்பொருள் உரிமம் அடங்கிய ஏற்பாடு. நம் நிறுவனத்துக்குப் பிரதியே கிடைக்காது என்பதால் முதல் நிபந்தனையிலேயே தவறிவிடுகிறது. ஆகவே இது சேவை ஒப்பந்தமான ஹோஸ்டிங் ஏற்பாடு. ஆண்டுக் கட்டணம் சேவைச் செலவாகவே போகும். இத்தனையும் முடிவானது வரம்புச் செக்‌ஷனில்தான் என்பதைக் கவனிக்க வேண்டும்.

நிறுவும் செலவுக்கு 2018-இல் வந்த 15-ஆம் எண் திருத்தம் தனி உட்பகுதி ஒன்றைச் சேர்த்தது. அதிலுள்ள 25-18 பத்தி, இத்தகைய ஏற்பாட்டைச் சொந்தப் பயன்பாட்டு மென்பொருள் திட்டமாகவே பாவித்து, பொது உட்பகுதியின் விதிகளைப் பொருத்தச் சொல்கிறது. எனவே பொது உட்பகுதிக்குத் திரும்புகிறோம். 25-2-இன்படி மென்பொருளை உருவாக்கும் கட்டத்தில் ஏற்படும் செலவு மூலதனமாகும், அதாவது சொத்தாக எழுதப்படும். அமைவாக்கமும் நிரல் எழுதலும் இதில் அடங்கும். பயிற்சிச் செலவை 25-4 உடனடிச் செலவாக எழுதச் சொல்கிறது. தரவு மாற்றத்தை 25-5 அவ்வாறே சொல்கிறது. ஆனால் பழைய தரவை மாற்றுவதற்கென்றே ஒரு மென்பொருளை எழுதியிருந்தால் 25-3 அதை மூலதனமாக ஏற்கிறது. ஆலோசகரின் 80,000 டாலரில் அப்படி ஒரு நிரல் இருக்கிறதா என்று விலைப்பட்டியலைப் பிரித்துக் கேட்க வேண்டும். விதியைப் படித்த பிறகு உண்மைகளுக்குத் திரும்பி வருவது இயல்பான படி. எந்த ஆராய்ச்சியும் ஒரே போக்கில் முடிவதில்லை. கொள்முதல் நடைமுறையை மாற்றி அமைத்ததற்கான 60,000 டாலர் மென்பொருளே அன்று. அது 720-45-க்குச் சென்று உடனடிச் செலவாகிறது. ஒப்பந்தத்தில் இவற்றுக்குத் தனித்தனி விலை எழுதியிருந்தாலும், அந்த விலைகளை அப்படியே ஏற்கக் கூடாது. ஒவ்வொன்றையும் தனியே விற்றால் கிடைக்கும் விலையின் விகிதத்தில் மொத்தத்தைப் பங்கிட வேண்டும் என்று 30-4 சொல்கிறது. நம் உதாரணத்தில் எழுதிய விலைகளே அந்த விகிதத்தில் அமைந்தவை என்று கொள்வோம்.

3,00,000 டாலர் சொத்தாகிறது. அதை எத்தனை ஆண்டுகளில் பிரித்து எழுதுவது என்பது 35-ஆம் செக்‌ஷனின் வேலை. ரத்து செய்ய இயலாத காலத்தோடு, நிறுவனம் பயன்படுத்துவது ஏறக்குறைய உறுதியான நீட்டிப்புக் காலத்தையும் சேர்க்கச் சொல்கிறது 35-14. நீட்டிப்பு அப்படி உறுதி என்று முடிவானால் ஐந்தாண்டு. பயன்பாட்டுக்குத் தயாரான நாள் ஒப்பந்தத் தொடக்கமாகவே இருந்தால் ஆண்டுக்கு 60,000 டாலர். தயாராவது தள்ளிப்போனால் மீதமுள்ள காலத்துக்குப் பகிர வேண்டும். இத்தோடு நிறுத்திவிடுபவர்கள் பலர். 45-1-ஐப் படித்தால், இந்தத் தொகையைத் தேய்மான வரியில் காட்டக் கூடாது, ஹோஸ்டிங் கட்டணம் போகும் அதே வரியில் காட்ட வேண்டும் என்பது தெரியும். தேய்மானத்துக்கு முந்தைய இலாபத்தைக் கொண்டு கடன் நிபந்தனைகளை அளக்கும் வங்கி இருந்தால், இந்த ஒரு பத்தியே நிறுவனத்தின் நிலையை மாற்றிவிடும். எனவே 25-இல் விடை கிடைத்தாலும் 45, 50 இரண்டையும் பார்க்காமல் தளத்தை மூடாதீர்கள்.

வரப்போகும் விதி, இருக்கும் விதி

இதே உதாரணத்தில் இன்னொரு கவனம் தேவை. 350-40-25-இன் பத்திகளுக்குக் கீழே ‘பெண்டிங் கண்டெண்ட்’ என்ற தலைப்போடு ஒரு பெட்டி தோன்றும். திருத்தம் வெளியாகி, எல்லா நிறுவனங்களுக்கும் நடைமுறைக்கு வந்து முடியும் வரை, பழைய வாசகமும் புதிய வாசகமும் அருகருகே இருக்கும். பெட்டியின் மேலே பி என்ற எழுத்தோடு பொது வணிக நிறுவனங்களுக்கான நாளும், என் என்ற எழுத்தோடு மற்றவர்களுக்கான நாளும், மாறுகால விதி எந்த 65-ஆம் செக்‌ஷன் பத்தியில் உள்ளது என்பதும் இருக்கும். குத்தகைக்கான 842 வந்தபோது முதலாவது 2018 டிசம்பர் 16, இரண்டாவது 2021 டிசம்பர் 16. இடைப்பட்ட மூன்றாண்டுகளில் இரண்டு நிறுவனங்கள் ஒரே குத்தகையை இரண்டு வெவ்வேறு விதிகளின்படி எழுதின, இரண்டும் சரியே. அந்த நாள் நிதியாண்டு தொடங்கும் நாளைக் குறிக்கிறது, முடியும் நாளை அன்று. ஜூன் மாதத்தில் ஆண்டை முடிக்கும் நிறுவனத்துக்கு இந்த வேறுபாடு பெரிது.

சொந்தப் பயன்பாட்டு மென்பொருளுக்கு 2025 செப்டம்பரில் 2025-06 என்ற திருத்தம் வந்தது. திட்டத்தைக் கட்டங்களாகப் பிரிக்கும் பழைய முறையை அது நீக்கி, நிர்வாகம் திட்டத்துக்கு ஒப்புதலும் நிதியும் உறுதி செய்து, அது முடிந்து பயன்பாட்டுக்கு வருவது பெரும்பாலும் நிகழும் என்ற நிலையை எட்டும்போது மூலதனமாக்கத் தொடங்கச் சொல்கிறது. 2027 டிசம்பர் 15-க்குப் பிறகு தொடங்கும் ஆண்டுகளுக்கு இது கட்டாயம். விரும்பினால் முன்பே ஏற்கலாம். ஆகவே நம் ஓஹாயோ நிறுவனம் முன்கூட்டி ஏற்றதா என்று கேட்காமல் எந்தப் பத்தியையும் மேற்கோள் காட்ட முடியாது.

பத்திக்குப் பின்னால் உள்ள காரணம்

விதி என்ன சொல்கிறது என்பது தொகுப்பில் இருக்கும். ஏன் அப்படி வகுத்தார்கள் என்பது பெரும்பாலும் இருக்காது. அது ஏ.எஸ்.யு. எனப்படும் திருத்த ஆவணத்தின் பின்பகுதியில், முடிவுகளுக்கான அடிப்படை என்ற தலைப்பில், பி.சி. என்று எண்ணிட்ட பத்திகளில் இருக்கிறது. ஏ.எஸ்.யு. தன்னளவில் அதிகாரமுடையதன்று, தொகுப்பைத் திருத்தும் கருவி மட்டுமே. எனினும், ஒரு பத்தியை இரண்டு விதமாகப் படிக்க இடமிருக்கும்போது, வாரியம் எந்தப் பொருளில் எழுதியது என்று அறிய அதைவிட நல்ல இடம் இல்லை. பழைய தரநிலைகளின் பெயரிலேயே இன்றும் பேசும் மூத்த கணக்காளர்கள் உண்டு. அவர்கள் ஃபாஸ் 109 என்றால் அது வருமான வரிக்கான 740, ஃபாஸ் 133 என்றால் 815, எஸ்.ஓ.பி. 98-1 என்றால் நாம் பார்த்த 350-40. தளத்தில் உள்ள ‘கிராஸ் ரெஃபரன்ஸ்’ கருவியில் பழைய எண்ணைக் கொடுத்தால் அது இன்று எந்தப் பத்தியில் இருக்கிறது என்றும், பத்தி எண்ணைக் கொடுத்தால் அது எங்கிருந்து வந்தது என்றும் காட்டும். ‘ஜாயின் செக்‌ஷன்ஸ்’ கருவியைக் கொண்டு ஒரு டாபிக்கின் எல்லா சப்டாபிக்குகளிலும் உள்ள 50-ஆம் செக்‌ஷனை ஒரே பக்கத்தில் இணைத்துப் படிக்கலாம். வெளிப்படுத்தல் சரிபார்ப்புப் பட்டியல் தயாரிப்பவர்களுக்கு இதைப் போல உதவுவது வேறில்லை.

பட்டியலிடப்பட்ட நிறுவனமாக இருந்தால், எண்ணுக்கு முன் எஸ் என்ற எழுத்துள்ள செக்‌ஷன்களையும் பார்க்க வேண்டும். பிழையின் முக்கியத்துவத்தை எண்ணிக்கையால் மட்டும் அளக்கக் கூடாது என்று சொல்லும் எஸ்.இ.சி. ஊழியர் அறிக்கை 99, 250-10-எஸ்99-1-இல் இருக்கிறது. ஆனால் எஸ்.இ.சி.யின் எல்லா விதிகளும் அங்கே இல்லை என்பதால், ஒழுங்குமுறை எஸ்-எக்ஸ் போன்றவற்றை ஆணையத்தின் தளத்திலேயே சரிபார்க்க வேண்டும்.

விடையே இல்லாதபோது

தொகுப்பில் நேரான விடை இல்லாத கேள்விகளும் உண்டு. அப்போது என்ன செய்வது என்பதையும் தொகுப்பே சொல்கிறது: 105-10-05-2. முதலில், தொகுப்புக்குள்ளேயே ஒத்த பரிவர்த்தனைக்கு விதி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஆனால் அந்த விதி பிறவற்றுக்குப் பொருத்தக் கூடாது என்று தடுத்திருந்தால் பொருத்தக் கூடாது. அதற்கும் பிறகே அதிகாரமற்ற ஆதாரங்களுக்குப் போகலாம். வாரியத்தின் கருத்தியல் அறிக்கைகள், பன்னாட்டுத் தரநிலைகள், பாடநூல்கள், கையேடுகள் முதலியவற்றை 05-3 அந்த வகையில் வைக்கிறது. வணிக நிறுவனங்கள் பெறும் அரசு மானியத்துக்கு அமெரிக்க விதிகளில் நீண்ட காலம் கணக்கில் ஏற்றும் முறையே இல்லாதிருந்தபோது, பல நிறுவனங்கள் அரசு மானியத்துக்கான பன்னாட்டுத் தரநிலையான ஐ.ஏ.எஸ். 20-ஐ ஒப்புமையாகக் கொண்டு எழுதியது இந்த வழியில்தான்.

டெலாய்ட், பி.டபிள்யூ.சி., இ.ஒய்., கே.பி.எம்.ஜி. ஆகியவை வெளியிடும் கையேடுகளும் இதே வகையைச் சேர்ந்தவை. அவை மிகப் பயனுள்ளவை. சிக்கலான பத்தியை உதாரணங்களோடு விளக்குவதில் நிகரற்றவை. அவற்றிலிருந்து தொடங்குவதில் தவறில்லை. அவற்றோடு முடிப்பதுதான் தவறு. எந்தக் கையேட்டில் படித்தாலும், செயற்கை நுண்ணறிவுக் கருவி எந்த எண்ணைத் தந்தாலும், அந்தப் பத்தியைத் தொகுப்பில் திறந்து, வரம்பைப் பார்த்து, வாசகத்தைச் சொந்தக் கண்ணால் படித்த பிறகே எழுத வேண்டும்.

எழுதி வைத்தல்

கணக்கியல் குறிப்பாணையில் உண்மைகள், கேள்வி, பொருந்தும் பத்திகள், பொருத்திப் பார்த்த விதம், முடிவு என்ற வரிசை போதும். ஆனால் கருத்தில் கொண்டு தள்ளிய மாற்று வழிகளையும் எழுதுங்கள். 985-20 ஏன் பொருந்தாது என்ற இரண்டு வரி, தணிக்கையாளரின் பாதிக் கேள்விகளை முன்பே முடித்துவிடும். பத்தியைக் குறிப்பிடும்போது டாபிக்கோடு நிறுத்தாமல் பத்தி எண் வரை எழுதுங்கள்: ‘ஏ.எஸ்.சி. 350’ என்பது எவருக்கும் உதவாது, ‘ஏ.எஸ்.சி. 350-40-25-4’ என்பதை எவரும் நொடியில் திறந்து சரிபார்க்கலாம். முக்கியப் பத்திகளின் வாசகத்தை அப்படியே எடுத்து இணையுங்கள். தொகை மிகச் சிறியதென்றால், முக்கியத்துவமற்ற விவரங்களுக்குத் தொகுப்பின் விதிகளைப் பொருத்தத் தேவையில்லை என்று 105-10-05-6 சொல்வதையும் நினைவில் வைத்து, அந்த முடிவையும் காரணத்தோடு எழுதி வையுங்கள்.

குறிப்பாணையில் தொகுப்பைப் பார்த்த தேதியையும், எந்த வாசகத்தை, நடப்பிலுள்ளதையா வரப்போவதையா பயன்படுத்தினீர்கள் என்பதையும் கட்டாயம் பதிவு செய்யுங்கள். இரண்டாண்டு கழித்துக் கோப்பைத் திறப்பவர் அந்தப் பத்தி மாறியிருப்பதைக் கண்டால், தளத்தின் ‘ஆர்க்கைவ்’ பகுதியில் பழைய வாசகத்தை எடுத்து ஒப்பிட அந்தத் தேதி வேண்டும்.